சங்கண்ணன் வாய் மூடிய மூன்று மணி நேரம்

ராயபுரத்தில் ரகசியம் பேசத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் சங்கண்ணன்தான். அவரிடமும் ரகசியங்கள் உண்டு. ஆனால் அவர் ஒன்றை ஒருவர் காதில் சொன்னால், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் சேர்ந்து அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆலையில் ஷிப்ட் மாறும்போது ஊதுகிற சங்கை நினைத்து யாரோ வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. வேலை, திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேனுக்கு சிக்னல் காட்டுவது. கிரேன் டிரைவர் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே நிற்கிற சிக்னல்காரர் கையை எப்படி ஆட்டுகிறாரோ அப்படித்தான் பெட்டியை ஏற்றுவார், இறக்குவார். முறைப்படி இதற்குக் கை மட்டும் போதும். சங்கண்ணன் கையோடு குரலையும் சேர்த்துக் கொடுத்தார். நான் அதே யார்டில் வந்த பெட்டி, போன பெட்டி எண்களைக் குறிக்கிற டேலி கிளார்க். அதனால் நான் அவருக்கு 'டேலிம்மா'.

காதில் ஏதோ கோளாறு, அதனால்தான் கத்துகிறார் என்று ஒரு முறை யார்டில் முடிவு கட்டி அவரைக் காது டாக்டரிடம் அனுப்பினார்கள். காது அருமையாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கொடுத்த கையோடு தன் காதை ஒரு முறை குடைந்துகொண்டாராம்.

ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கம் சாய்ந்து, "டேலிம்மா, வெளிய சொல்லாத. பிரியாணில உப்பு கம்மியா கீது" என்று மெதுவாகத்தான் சொன்னார். மேடையில் மோதிரம் மாற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். சமையல்காரர் உப்புக் கிண்ணத்தோடு வெளியே வந்தார்.

ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம்தான் பெரிய சிக்கல். அவர் கூண்டில் மண்டியிட்டு ஆரம்பித்தால், வரிசையில் நிற்பவர்கள் தங்கள் பாவங்களை மறந்து அவர் பாவங்களைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஃபாதர் பொறுத்துப் பார்த்து, கோயிலில் ஈ காக்கை இல்லாத செவ்வாய்க்கிழமை பதினோரு மணியை அவருக்கென்று ஒதுக்கினார். அப்படியும் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஆன்மா சுத்தமாகி வெளியே வந்தபோது, வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "இன்னா சங்கண்ணா, பெரிய வெள்ளிக்கெயமையில கூடவா கறிதோச கேக்குது ஒனக்கு" என்றாள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி மேரியக்கா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். ஒரே மகள் செலின் அம்மாவைக் கொண்டு பிறந்தவள். விலங்கியல் படித்தாள். படித்து முடித்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையில், மழைக்காட்டுக்குள் ஆற்றோரம் இருக்கிற ஒரு லாட்ஜில் வேலைக்குப் போய்விட்டாள். தங்க வருகிறவர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போய் விலங்குகளைக் காட்டுவது, அங்கே இருக்கிற முதலைகளை எண்ணிக் குறித்து வைப்பது, இதுதான் வேலை. இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த முதலைகளுக்குக் கூட்டம் ஆகாதாம்.

"ஹார்பராண்ட ஆபீஸ் வேல வாங்கித் தரேன்றேன், மொதல எண்ணப் போறேன்றா" என்று சங்கண்ணன் முதல் ஆறு மாதம் தெருவெல்லாம் வருத்தப்பட்டார். அடுத்த ஆறு மாதம் அதையே பெருமையாகச் சொன்னார். இரண்டுக்கும் ஒரே சத்தம் என்பதால், வருத்தம் எப்போது பெருமையானது என்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

போன ஜனவரியில் செலின் எனக்கு போன் செய்தாள்.

"அக்கா, நைனாவும் அம்மாவும் அடுத்த வாரம் இங்க வராங்க. வேணான்னு சொல்ல மனசு வரல. நீங்களும் கூட வாங்கக்கா. உங்க பேச்சத்தான் அவரு கொஞ்சமாச்சும் கேப்பாரு."

"அப்பா அம்மா வந்தா சந்தோஷம்தானே?"

"சந்தோஷந்தான். ஆனா வாரம் சரியில்லக்கா."

விஷயத்தைச் சொன்னாள். அந்த ஆற்று முதலைகள் கூச்சம் பிடித்தவை. குளிர்காலக் காலையில் வெயில் காயப் பாறைமேல் ஏறிப் படுக்கும். ஒரு தும்மல் போதும், தண்ணீருக்குள் போய்விடும். ஒரு மாதமாக விருந்தினர்கள் ஒருவரும் முழு முதலையைப் பார்க்கவில்லை. வாலைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். அதனால் லாட்ஜ் மேனேஜர் ஒரு யோசனை வைத்திருந்தார். கோழிக் கழிவைக் கயிற்றில் கட்டிக் கரையில் தொங்கவிட்டால் முதலைகள் தானாக வரும், ஆளாளுக்கு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். செலினுக்கு அதைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை. மனிதன் வந்தால் சாப்பாடு வரும் என்று முதலை பழகிவிட்டால், துணி துவைக்க வருகிறவளுக்கும் ஆபத்து, அப்புறம் முதலைக்கும் ஆபத்து. வனத்துறைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அமைதியாக உட்கார்ந்தாலே பார்க்க முடியும், எனக்கு ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். அந்த ஒரு வாரத்தில்தான் அவளுடைய நைனா வருகிறார்.

நான் மறுக்கவில்லை. சங்கண்ணன் விஷயத்தில் என்னால் எதையும் மறுக்க முடியாது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

யார்டில் சேர்ந்த மூன்றாவது மாதம், நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். நான் போகிற பக்கம் ஒரு பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. டிரைவருக்கு நான் அங்கே இருப்பது தெரியாது. அன்று அது சங்கண்ணன் கிரேன்கூட இல்லை. அவர் எங்கேயோ கேட் பக்கம் கேன்டீனில் கையில் டீயோடு நின்றிருந்தார். "டேலிம்மா, அப்டியே நில்லு" என்று ஒரு குரல் வந்தது. நான் நின்றேன். நான் மட்டுமல்ல, யார்டில் இருந்த அத்தனை வண்டியும் நின்றது. திரும்பிப் பார்த்தால், என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது இருபதடிப் பெட்டி. இன்னும் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் இந்தப் பத்தியை எழுத ஆளில்லை.

அவர் நிதானமாக நடந்து வந்து, "டீ ஆறிப்பூச்சு" என்றார். அதோடு சரி. இன்றுவரை அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

ரயில், பஸ், ஜீப் என்று மாறிப் போய்ச் சேர்ந்தோம். எங்களை வரவேற்ற சமையல்காரர் கேட்ட முதல் கேள்வி, "உங்க தெருவுல தண்ணி லாரி இப்ப ஒழுங்கா வருதுங்களா?" செலின், நைனா கூப்பிட்டால் போனைச் சமையல்கட்டு அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு, தள்ளி நின்று பேசுவாளாம். ராயபுரம் நிலவரம் முழுக்க அந்த மனிதருக்கு மனப்பாடமாக இருந்தது.

முதல் நாள் காலை. செலின் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாள். பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம், பேச வேண்டாம், பாறையைப் பார்த்தவுடன் எழுந்து நிற்க வேண்டாம். விருந்தினர்கள் எட்டுப் பேர், நாங்கள் மூவர். மரத்தடி வழியில் இருபது நிமிட நடை. வழியில் சங்கண்ணனின் கணுக்காலில் நான்கு அட்டைகள் ஏறின. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போடாமல் நடந்தார். எனக்கே மரியாதை வந்துவிட்டது. மேரியக்கா மட்டும் நம்பிக்கை இல்லாமல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆற்றங்கரையில் மூங்கில் தட்டி வைத்து மறைவு கட்டியிருந்தார்கள். தட்டியின் இடைவெளியில் பார்த்தேன். எதிர்க்கரைப் பாறையில் ஏழு முதலைகள். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் கிடந்தன. செலின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பைச் சங்கண்ணனும் பார்த்துவிட்டார். அதுதான் வினை.

"ஏ மேரி, நம்ம பொண்ணோட மொதல, தோ கீது பாரு."

மரத்திலிருந்த பறவைகள் ஒரே கூட்டமாகக் கிளம்பிப் போயின. ஏழு முதலைகளும் ஒரு நொடியில் இறங்கிவிட்டன. பாறையில் ஈரம் மட்டும் மிச்சம். பெரிய கேமராவோடு வந்திருந்த ஒரு அம்மா, மூடியைக் கழற்றின நிலையிலேயே அப்படியே உட்கார்ந்திருந்தார்.

லாட்ஜுக்குத் திரும்பினதும் மேனேஜர் செலினைக் கூப்பிட்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர், கோபத்தையும் மரியாதையாகத்தான் காட்டுவார். "நாளான்னைக்கு நானே கூட வர்றேனுங்க. அன்னைக்கும் ஒண்ணும் தெரியலீன்னா கோழிய கட்டீற வேண்டியதுதானுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

செலின் அப்பாவிடம் வந்தாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நைனா, நாளைக்கு நீ ரூம்லயே இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சங்கண்ணன் வராந்தாவில் போய் உட்கார்ந்து கணுக்கால் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புப் போட்டு எடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "குடிக்கட்டும் வுடு" என்றார்.

மறுநாள் அவரை விட்டுவிட்டுப் போனோம். நம்ப மாட்டீர்கள், அன்றும் முதலை நிற்கவில்லை. ஒருவர் "எங்கே, எங்கே?" என்றார். இன்னொருவர் "அதோ அந்தக் கட்டை" என்றார். மூன்றாமவர் கட்டை என்றால் எந்தக் கட்டை என்று எழுந்து நின்றார். அவர் மனைவி அவரை உட்காரச் சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுத்தார். எங்கோ ஒரு சிப்ஸ் பாக்கெட் சரசரத்தது. முடிந்தது கதை.

திரும்பி வந்து சங்கண்ணனிடம் சொன்னேன்.

"நா இல்லாமயே ஓடிருச்சா?" அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அப்புறம், யார்டில் ஒரு பெட்டி இடித்துவிட்டால் விசாரிப்பாரே, அந்த மாதிரி ஆரம்பித்தார். "யாரு எங்க குந்திகினு இருந்தாங்கோ? மொத எய்ந்தது யாரு? செலினு எங்க இருந்தா?"

"செலின் பின்னால. எல்லார் காதுலயும் ஒவ்வொருத்தரா போய் மெதுவா சொல்லிக்கிட்டிருந்தா."

"அதான். அதான் டேலிம்மா. ஆளாளுக்கு ஒண்ணு பேசிகினா லோடு ஆடத்தான் செய்யும். ஒரு ஆளு முன்னாடி நிக்கணும். மத்தவங்கோ கண்ணு அந்த ஆளு கையில இருக்கணும். வாய் எதுக்கு?"

வாழ்நாளில் அவர் வாயிலிருந்து 'வாய் எதுக்கு' என்று வரும் என நான் எதிர்பார்க்கவில்லை. மேரியக்காவும் எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

செலினிடம் போய் நின்றார். தான் முன்னால் நின்று கையால் காட்டுவதாகச் சொன்னார். அந்தக் காட்டில் அதைச் சொன்ன சத்தத்துக்கே நாலு குரங்கு இறங்கி ஓடியது. செலின் முடியாது என்றாள்.

"நைனா, நாளைக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்ல."

"தெர்யும்மா."

"உன்னால ஒரு மணி நேரம் கம்முனு இருக்க முடியுமா? பூசையிலயே முடியாது."

"பூசையில எனக்கு வேல இன்னா கீது? அங்க சிக்னல் ஃபாதருது."

அப்போது மேரியக்கா அன்றைய கணக்கில் மூன்று வார்த்தை செலவழித்தார். "ஒருவாட்டி வுடு செலினு."

அன்று சாயங்கால டீ வேளையில் லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சி நடந்தது. விருந்தினர்கள் எட்டுப் பேரும் பெஞ்சில். எதிரே சங்கண்ணன், கிரேன் எதிரே நிற்கிற மாதிரி காலை அகட்டிக்கொண்டு. உள்ளங்கையைக் கீழே பார்த்து நீட்டினால், அசையாதே. விரலை மேலே காட்டி மெதுவாகச் சுற்றினால், தலையை மட்டும் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால், இறக்கு. ஒரு கை காட்டும் பக்கம் பார். இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டால், எது நடந்தாலும் அப்படியே இரு. மறந்துபோய் வாயைத் திறந்தவர்களைத் திரும்ப முதலிலிருந்து செய்ய வைத்தார். கேமரா அம்மாவுக்கு வேடிக்கையாகிவிட்டது. நேற்று மேனேஜரிடம் புகார் செய்தவரே இன்று தன் கணவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை மேனேஜரும் வந்தார். ஆறரை மணிக்கு லாட்ஜ் படியிறங்கும்போது சங்கண்ணன் கழுத்துத் துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

மறைவில் போய் உட்கார்ந்தோம். அவர் தட்டியின் ஓரத்தில், எங்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே பக்கவாட்டில் மண்டியிட்டிருந்தார். பாறை காலியாக இருந்தது. வெயில் வந்தது. ஒன்றும் வரவில்லை. அரை மணி. முக்கால் மணி. மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினார். சங்கண்ணனின் உள்ளங்கை அவரை நோக்கி நீண்டது. மேனேஜர் கை பாதி வழியில் நின்றது, நின்றபடியே இருந்தது.

அப்புறம் தண்ணீரில் இரண்டு புடைப்புகள் தெரிந்தன. கண்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் மூக்கு நுனி. அது வெகு நேரம் எங்களைப் பார்த்தது, அல்லது பார்க்காமல் இருந்தது. பிறகு மெதுவாகப் பாறைமேல் ஏறியது. எவ்வளவு பெரியது என்று ஏறும்போதுதான் தெரிந்தது. சங்கண்ணன் விரலைச் சுற்றினார். பன்னிரண்டு தலைகள் ஓரங்குலம் உயர்ந்தன. இரண்டாவது முதலை, மூன்றாவது. அவர் கை இடப்பக்கம் காட்டியது. அங்கே நாணலுக்குள் ஒன்று ஏற்கெனவே படுத்திருந்தது, நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. மேலே கூண்டிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாததையெல்லாம் கீழே நின்று பார்த்துப் பழகிய கண்.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. சங்கண்ணனுக்குத் தும்மல். திருவொற்றியூரில் அவர் தும்மினால் லாரி அலாரங்கள் அடிக்கும். அவர் தோள் ஏற ஆரம்பித்தது. மேரியக்கா மெல்லக் கை நீட்டி அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். சங்கண்ணனின் முகம் சிவந்து, கருத்து, கண்ணில் தண்ணீர் ஓடியது. உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. சத்தம் வெளியே வரவில்லை. உள்ளே எங்கே போனது என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்த நிலையிலும் இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்தபடியே வைத்திருந்தார். ஒருவரும் அசையவில்லை.

ஒன்பது முதலைகள். பெரியது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலைக் குடித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தோம். யாரும் போட்டோவைப் பற்றிக்கூட அவசரப்படவில்லை. செலின் பின்னால் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். சங்கண்ணன் திரும்பினார். முதலைகளை விட்டுவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் எழுதுவதை, நிமிர்வதை, மறுபடி எழுதுவதை. அவள் கவனித்துவிட்டு என்ன என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். அவர் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தும்மலால்தான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். நாங்கள் எல்லோரும் அப்படியே நினைத்துக்கொண்டோம்.

திரும்பி நடக்கும்போது மேனேஜர் செலினிடம், "கோழி வேண்டாமுங்க" என்றார். கொஞ்ச தூரம் போய், "அந்தக் கை ஜாடையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க, வர்றவங்களுக்கெல்லாம் சொல்லித் தரலாமுங்க" என்றார்.

லாட்ஜ் வந்தது. சங்கண்ணன் பேசவில்லை. நாஸ்தாவுக்கு உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்தார், இட்லியைச் சாப்பிட்டார், பேசவில்லை. மேரியக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. "யோவ், இன்னாச்சு?" என்றார். அவர் மகளைப் பார்த்தார். செலின் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பேசு நைனா. இப்போ எவ்ளோ வேணா பேசு" என்றாள்.

அவர் பேசினார். மணி அப்போது ஒன்பதரை. பகல் சாப்பாட்டுக்கு இலை போடும்வரை பேசினார். முதல் முதலை வந்தது, அது கண்ணை எப்படி மூடியது, நாணலுக்குள் கிடந்து எங்களை டபாய்த்த முதலை, தும்மல் போன வழி, எல்லாம். பக்கத்து மலையில் தேயிலை பறிப்பவர்களுக்கும் அன்று முதலைகளைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கும். செலின் நகரவே இல்லை. முழங்கையை மேசையில் ஊன்றி, கன்னத்தில் கை வைத்து, கடைசிவரை கேட்டாள்.

போன வாரம் காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்கு ஏழு வீடு தள்ளி அவர் வீடு. வாசலில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"டேலிம்மா, முட்ட பொரிஞ்சிருச்சாம். செலினு போன் பண்ணுச்சு. அம்மாக்காரி ஒவ்வொரு குட்டியா வாயில கவ்விகினு போயி தண்ணில வுடுதாம். ஒண்ணுத்தையும் கடிக்கலையாம்."

எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து, மொத்தம் எத்தனை குட்டி என்று கேட்டார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், எல்லாம் நல்லா இருக்குதா என்று கேட்டாள். அவர் நடுத்தெருவில் நின்று எல்லோருக்கும் பொதுவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, அந்தக் குரல் எட்டுகிற தூரத்தில் எனக்கு ஒரு வீடு கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டு, அவருக்கும் சேர்த்து டீ போட்டேன்.